20 லிட்டர் பாத்திரத்திலிருந்து 160 லிட்டர் கலனுக்கு: ஒரு நானோ பீர் ஆலை அமைத்த பதிவு

வீட்டில் 20 லிட்டர் அளவில் பீர் தயாரித்துப் பழகியவர் அதை விற்பனைக்கான சிறு ஆலையாக வளர்க்க நினைக்கும்போது, முதலில் விலை விசாரிப்பது பெரும்பாலும் கொதிகலனைத்தான். பெரிதாகத் தெரிவதும், பளபளப்பதும், வருகிறவர்களிடம் காட்டத் தோதாக இருப்பதும் அதுதான். ஆனால் ஆலையின் உற்பத்தியையும் பீரின் தரத்தையும் தீர்மானிப்பவை கொதி அடங்கிய பிறகு வருகிற வேலைகள். வோர்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாற்றை, எவ்வளவு விரைவாகக் குளிர்விக்க முடிகிறது, எத்தனை நொதிகலன்கள் இருக்கின்றன, அவற்றின் வெப்பநிலையை எப்படிப் பிடித்து வைக்கிறோம், எல்லாவற்றையும் எப்படிக் கழுவுகிறோம் என்பவையே அவை. கையிலிருந்த பணத்தில் பாதிக்கு மேல் இந்தக் குளிர்ப் பக்கத்துக்கு ஒதுக்கி, அடுப்புப் பக்கத்தைச் சிக்கனமாக முடித்துக்கொண்டேன். அதற்கான கணக்குகளையும் வேலை நடந்த விதத்தையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

நானோ ஆலை என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை கிடையாது. ஒரு முறைக்கு மூன்று அமெரிக்கப் பீப்பாய் வரை, அதாவது சுமார் 350 லிட்டர் வரை காய்ச்சும் ஆலையை அப்படிச் சொல்வது வழக்கம். ஒரு பீப்பாய் 117 லிட்டர். நான் 160 லிட்டரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிமையான கணக்கு. பழைய 20 லிட்டர் பாத்திரத்தின் அகலத்தையும் உயரத்தையும் இரட்டிப்பாக்கினால் கொள்ளளவு எட்டு மடங்காகிறது. ஆனால் மேற்பரப்பு நான்கு மடங்குதான் கூடுகிறது. ஆகவே ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் மேற்பரப்பு பாதியாகக் குறைகிறது. வீட்டுச் செய்முறைக்கும் ஆலைச் செய்முறைக்கும் உள்ள வேறுபாடுகளில் பெரும்பகுதி இந்த ஒரு விகிதத்திலிருந்து பிறப்பதுதான். பெரிய கலன் வெப்பத்தை விடாது. ஆவியும் அதே விகிதத்தில் போகாது. நொதிக்கும்போது உண்டாகும் சூடும் தானாக வெளியேறாது.

செய்முறைக் குறிப்பை எட்டால் பெருக்கி எழுதுவது தொடக்கம் மட்டுமே. மால்ட்டைப் பொறுத்தவரை பெருக்கல் ஓரளவு சரியாக வரும். நொதிக்கும் முன் நீரைப்போல் 1.048 மடங்கு அடர்த்தி கொண்ட 160 லிட்டர் வோர்ட்டுக்கு, மால்ட்டின் சர்க்கரையில் 75 விழுக்காடு வடிந்து வரும் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 33 கிலோ வெளிர் மால்ட் தேவைப்படுகிறது. கிலோவுக்கு மூன்று லிட்டர் என்று 100 லிட்டர் நீர் சேர்த்தால் மேஷ், அதாவது ஊறும் மால்ட்டும் நீரும் சேர்ந்த கலவை, 120 லிட்டருக்குச் சற்று மேல் நிற்கும். 200 லிட்டர் மேஷ் கலன் தாராளமாகப் போதும். ஆவியாதல்தான் மாறுகிறது. பழைய பாத்திரத்தில் ஒரு மணி நேரக் கொதியில் மூன்று லிட்டர், அதாவது 15 விழுக்காடு போய்விடும். அதை அப்படியே பெருக்கினால் 24 லிட்டர் இழப்பு என்று வரும். புதிய கொதிகலனில் உண்மையில் போவது 12 லிட்டர் அளவுதான். பழைய விகிதத்தை நம்பி நீரை ஊற்றினால் பீர் நீர்த்துப்போகும். ஆகவே முதல் வேலையாக வெறும் நீரை ஊற்றிக் கொதிக்கவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் எவர்சில்வர் அளவுகோலை விட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். வேறொருவருடைய கலனின் எண் இங்கே உதவாது. மூடியின் திறப்பும் புகைபோக்கியின் இழுவையும் அதை மாற்றிவிடுகின்றன.

பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூவான ஹாப்ஸின் கணக்கு இன்னும் நுட்பமானது. ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் சூட்டில் உருமாறித்தான் கசப்பைத் தருகின்றன. இந்த மாற்றம் கொதிநிலையில் வேகமாக நடந்து, 80 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய நின்றுவிடுகிறது. சிறு பாத்திரத்தில் அடுப்பை அணைத்ததும் செம்புச் சுருளை இறக்கினால் சில நிமிடங்களில் அந்த எல்லையைத் தாண்டிவிடலாம். 160 லிட்டர் வோர்ட் பிளேட் சில்லர் (தகடுகளின் ஒருபுறம் வோர்ட்டும் மறுபுறம் குளிர்ந்த நீரும் ஓடும் குளிர்விப்பான்) வழியாக நொதிகலனுக்குப் போய் முடிய நாற்பது நிமிடங்களுக்கு மேல் ஆகிறது; அதுவரை கலனில் மீதமிருப்பது 90 டிகிரிக்கு மேலேயே நிற்கிறது. வாசனைக்காகக் கடைசியில் போட்ட ஹாப்ஸ் முழுவதும் அத்தனை நேரமும் கசப்பையும் விட்டுக்கொண்டிருக்கும். இதற்கு நான் கையாளும் முறை இது: கொதி முடிந்தவுடன் வோர்ட்டைச் சில்லர் வழியாகச் செலுத்தி மீண்டும் கொதிகலனுக்கே திருப்பி, முழுக் கலனும் 80 டிகிரிக்கு இறங்கிய பிறகு வாசனை ஹாப்ஸைப் போட்டு, இருபது நிமிடம் சுழலவிட்டு, பிறகே நொதிகலனுக்கு மாற்றுகிறேன். கசப்பு வீட்டுப் பீரின் அளவுக்கு வந்தது. வாசனை முன்பைவிடத் தெளிவாக நின்றது.

சூடேற்றுவதற்கு மின்சாரத்தைத் தேர்ந்தெடுத்தேன். மூடிய அறைக்குள் எரிவாயு அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு பற்றிய கவலை ஒருபுறம், ஆவியோடு புகையையும் வெளியேற்ற வேண்டிய வேலை மறுபுறம். 5.5 கிலோவாட் கொண்ட இரண்டு ஹீட்டர்கள் எல்லாத் தேவைக்கும் போதுமா என்பதைத் தாளில் போட்டுப் பார்த்தேன். 25 டிகிரியில் இருக்கும் 100 லிட்டர் நீரை 73 டிகிரிக்கு ஏற்ற 5.6 கிலோவாட் மணி தேவை. அரை மணி நேரம். மால்ட்டின் மேல் மீண்டும் வெந்நீர் விட்டு வடித்தெடுத்த, 180 லிட்டருக்குச் சற்றுக் குறைவான வோர்ட்டை 65 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 7 கிலோவாட் மணி, நாற்பது நிமிடம். மணிக்கு 12 லிட்டர் ஆவியாக வேண்டுமானால் 7.5 கிலோவாட் தொடர்ந்து கிடைக்க வேண்டும். ஆக 11 கிலோவாட்டில் எல்லாம் அடங்கிவிடுகிறது. இதைவிடப் பெரிய ஹீட்டர் வாங்கினால் மிச்சமாவது ஒரு நாளில் அரை மணி நேரம்தான். அதற்காகத் தடித்த கேபிளும் பெரிய மின் இணைப்பும் தேவைப்படும்.

ஹீட்டரின் பரப்பில் வாட் அடர்த்தி குறைவாக இருக்கும்படி, நீண்டு மடங்கிய வகையைப் பார்த்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் வோர்ட்டின் சர்க்கரை அதன் மேல் கருகிப் பிடித்துக்கொள்ளும், அந்தக் கருகல் வாடை பீரில் கடைசிவரை தங்கும். ஒவ்வொரு ஹீட்டரும் 230 வோல்ட்டில் 24 ஆம்பியர் இழுப்பதால் தனித்தனி இணைப்பு, 30 மில்லியாம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., முறையான எர்த் ஆகியவற்றை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே அமைத்தேன். ஈரத் தரையில் நின்று வேலை செய்யும் இடம் இது. இதில் சொந்தக் கைத்திறமைக்கு இடம் கொடுக்கக் கூடாது. கலனில் திரவம் ஹீட்டருக்கு மேல் இருந்தால் மட்டுமே மின்சாரம் பாயும்படி ஒரு மிதவை சுவிட்சையும் இணைத்தேன்.

ஆவியைப் பற்றி ஒரு சொல். மணிக்கு 12 லிட்டர் நீர் அறைக்குள் ஆவியாகப் பரவினால் கூரை நனையும், பூஞ்சை பிடிக்கும். மூடிக்கு மேல் குழாய் வைத்து வெளியேற்றினேன். அந்தக் குழாயின் சுவரில் குளிர்ந்து வழியும் நீர் திரும்பக் கொதிகலனுக்குள் விழாதபடி ஒரு வடிகால் வளைவு வைப்பது அவசியம். வெளிர் மால்ட்டிலிருந்து பிறந்து ஆவியோடு வெளியேற வேண்டிய டைமெத்தில் சல்பைடு, வெந்த முட்டைக்கோஸ் வாடையுடன் அந்த நீரில்தான் இருக்கிறது.

மேஷ் கலனில் துளையிட்ட அடித்தட்டின் கீழிருந்து நேராகப் பம்ப் வைத்து உறிஞ்சுவதைப் பலரும் செய்கிறார்கள். 20 லிட்டரில் அது ஒத்துவரும். 33 கிலோ மால்ட்டின் எடை மேலே அழுத்தும்போது, பம்பின் இழுவையும் சேர்ந்தால் மால்ட் படுகை இறுகி வடிதல் நின்றுவிடும். ஆகவே மேஷ் கலனுக்கும் பம்புக்கும் இடையில் ஐந்து லிட்டர் எவர்சில்வர் தூக்கு ஒன்றை வைத்தேன். வோர்ட் புவியீர்ப்பால் மட்டும் அதில் வந்து விழுகிறது. பம்ப் அதிலிருந்து எடுக்கிறது. தூக்கில் மட்டம் இறங்கினால் படுகை இறுகத் தொடங்கிவிட்டது என்று உடனே தெரிந்துவிடும். பம்பைக் குறைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்தால் மீண்டும் ஓடும். அரவை இயந்திரத்தின் உருளை இடைவெளியை 1.1 மில்லிமீட்டரில் வைத்து, உமி முழுசாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் இந்தத் தொல்லையில் பாதி வராது. அரவை தனி அறையில் நடக்க வேண்டும். மாவுத் தூசியில் லாக்டிக் பாக்டீரியா இருக்கிறது. அது நொதிகலன் பக்கம் பறந்தால் பீர் புளிக்கும். காற்றில் அடர்ந்த தானியத் தூசி தீப்பொறி பட்டால் வெடிக்கக்கூடியது என்பது அதைவிட வலுவான காரணம்.

காந்த இணைப்புப் பம்புகள் தாமாக உறிஞ்சித் தொடங்குவதில்லை. ஆகவே பம்பைத் தரைக்கு அருகில், எல்லாக் கலன்களின் அடிக்கும் கீழே பொருத்த வேண்டும். ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு எப்போதும் வெளியேறும் பக்கமே இருக்க வேண்டும். உள்ளே வரும் பக்கத்தில் வால்வைக் குறைத்தால், கொதிநிலைக்கு அருகிலிருக்கும் வோர்ட் அழுத்தம் குறைந்த இடத்தில் பம்புக்குள்ளேயே கொதித்து ஆவிக் குமிழாகிறது. அப்போது கூழாங்கற்களை டப்பாவில் போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் பம்பை நிறுத்தி, மேல்நோக்கியிருக்கும் வெளியேற்ற வால்வைத் திறந்து, குமிழ் வெளியேறியதும் மெதுவாக ஓடவிட வேண்டும்.

ஊறி வடிந்த மால்ட் சக்கை நாற்பது கிலோவுக்குக் குறையாது. வெயில் காலத்தில் ஒரே நாளில் புளித்து நாறும். கால்நடை வளர்ப்பவர் ஒருவருடன் முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது.

இனிக் குளிர்ப் பக்கம். பிளேட் சில்லரில் குழாய் நீரை விட்டால், வோர்ட்டை அந்த நீரின் வெப்பநிலைக்கு மூன்று நான்கு டிகிரி மேலே வரைதான் இறக்க முடியும். நீர் 28 டிகிரியில் வரும் இடத்தில் வோர்ட் 32 டிகிரியில் நின்றுவிடும். ஏல் என்ற, மிதமான வெப்பநிலையில் நொதிக்கும் பீர் வகையின் ஈஸ்ட்டுக்கு 18 டிகிரி வேண்டும். மிச்சமுள்ள 14 டிகிரியைத் தனியான குளிர்பதன இயந்திரத்தால் நாற்பது நிமிடத்தில் எடுக்க வேண்டுமானால் ஏறத்தாழ நான்கு கிலோவாட் குளிர்த்திறன் தேவை. நானோ ஆலைக்கு விற்கப்படும், எளிதில் உறையாத கிளைக்கால் திரவத்தைக் குளிர்வித்துக் கலன்களுக்கு அனுப்பும் சிறிய சில்லர்களில் அவ்வளவு திறன் இருப்பதில்லை. பெரிய இயந்திரம் வாங்குவதற்குப் பதிலாக, நன்கு போர்த்திய 300 லிட்டர் தொட்டியில் நல்ல நீரை நிரப்பி, அதை முந்தைய இரவே சிறிய சில்லரைக் கொண்டு 4 டிகிரிக்குக் குளிர்வித்து வைத்தேன். மறுநாள் வோர்ட் முதலில் குழாய் நீரிலும் பிறகு இந்தக் குளிர்நீரிலும் சூட்டை இறக்கிவிட்டு வருகிறது. பன்னிரண்டு மணி நேரத்தில் சேமித்த குளிர்ச்சியை நாற்பது நிமிடத்தில் செலவழிக்கிறோம். முதல் கட்டத்தில் சூடாகி வெளியேறும் நீர் வெந்நீர்த் தொட்டிக்குப் போய், கலன் கழுவவோ அடுத்த மேஷுக்கோ பயன்படுகிறது. பெரிய ஆலைகள் ஒரு லிட்டர் பீருக்கு மூன்று நான்கு லிட்டர் நீரில் வேலையை முடிக்கின்றன. சிறு ஆலையில் அது எளிதாக ஏழைத் தாண்டிவிடும். இந்த நீரைச் சாக்கடையில் விட்டால் இன்னும் கூடும்.

நொதிகலனின் வெப்பக் கணக்கு எனக்கே வியப்பாக இருந்தது. ஒரு கிலோ சர்க்கரைப் பொருள் நொதிக்கும்போது 590 கிலோஜூல் அளவுக்கு வெப்பம் வெளிப்படுகிறது. நமது 160 லிட்டரில் கரைந்திருக்கும் 20 கிலோவில் 13 கிலோ நொதிக்கும். அந்த வெப்பம் எங்கும் போகாமல் கலனிலேயே தங்கினால் 18 டிகிரியில் தொடங்கிய பீர் 29 டிகிரியைத் தொடும். கரைப்பான் நெடியும் தலைவலி தரும் உயர் ஆல்கஹால்களும் அந்தச் சூட்டில்தான் பிறக்கின்றன. 20 லிட்டர் வாளியில் இந்த வெப்பத்தில் கணிசமான பகுதி பக்கச் சுவர் வழியாக அறைக்குள் போய்விடும். எட்டு மடங்கு கலனில் போகாது. இருந்தும் மூன்று நாட்களில் வெளிவரும் அந்த மொத்த வெப்பத்தைச் சராசரியாக்கிப் பார்த்தால் 30 வாட்தான். உச்ச வேகத்தில் அதைப் போல் இரு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஒரு கலனின் நொதித்தலைக் கட்டுப்படுத்த மிகச் சிறிய குளிர்த்திறனே போதும். கிளைக்கால் சில்லரின் அளவைத் தீர்மானிப்பது கடைசிக் குளிர்விப்பு: 160 லிட்டர் பீரை அரை நாளில் 20 டிகிரியிலிருந்து 2 டிகிரிக்கு இறக்க 275 வாட் தேவை. இரண்டு கலன்களை ஒரே நாளில் குளிர்விக்காமல் முறை வைத்துக்கொண்டால், ஒரு கிலோவாட் சில்லர் நான்கு கலன்களைத் தாங்கும். அதன் பெயர்ப்பலகையில் உள்ள திறன் எந்தத் திரவ வெப்பநிலைக்குச் சொல்லப்பட்டது என்று பார்த்து வாங்க வேண்டும். கிளைக்கால் எவ்வளவு குளிர வேண்டுமோ அவ்வளவுக்குத் திறன் குறையும்.

கிளைக்கால் என்றால் உணவுத் தரப் புரோபிலீன் கிளைக்கால். வாகனங்களில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. ஒரு வெல்டிங் கசிந்தால் பீருக்குள் வந்துவிடும் என்பதால் அதை இந்த அறைக்குள்ளேயே வைத்திருக்கக் கூடாது. நீரோடு 35 விழுக்காடு கலந்து, சில்லரை மைனஸ் 3 டிகிரியில் வைத்திருக்கிறேன். அதைவிடக் குறைத்தால் கலனின் உட்சுவரில் பீர் பனியாகப் படியத் தொடங்கும், வெப்பமானி குழம்பும். சில்லரிலிருந்து கலன் வரை போகும் குழாய்கள் முழுவதையும் தடித்த நுரைக்குழாய் கொண்டு போர்த்த வேண்டும். பெரும்பாலான குளிர்ச்சி இழப்பு அங்கேதான் நடக்கிறது.

பழைய பால் தொட்டிகளை நொதிகலனாக மாற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். வழி புதிதல்ல, 1980இல் கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா ஆலை தொடங்கியபோது கென் கிராஸ்மன் பால் பண்ணைத் தொட்டிகளைத்தான் மாற்றியமைத்துப் பயன்படுத்தினார். பால் தொட்டிக்கு நல்ல போர்வையும் குளிர்ச் சுவரும் இருக்கும். ஆனால் அழுத்தம் தாங்காது, அடி கூம்பாக இருக்காது, ஆகவே ஈஸ்ட்டை எடுக்க முடியாது. குளிர்நீர்த் தொட்டிக்கு அது மிகப் பொருத்தம். என் 300 லிட்டர் தொட்டி அப்படி வந்ததுதான். நொதிகலனுக்கு மட்டும் ஒரு பார் அழுத்தம் தாங்கும் கூம்படிக் கலன்களையே வாங்கினேன்.

ஈஸ்ட் எடுப்பது இந்தத் தொழிலின் சுவையான பகுதி. ஏல் வகைக்கு ஒரு மில்லிலிட்டருக்கு, ஒரு பிளேட்டோ டிகிரிக்கு (வோர்ட்டின் எடையில் ஒரு விழுக்காடு கரைந்த சர்க்கரைப் பொருளுக்கு), 7.5 லட்சம் செல்கள் என்பது வழக்கமான அளவு. 12 டிகிரி கொண்ட 160 லிட்டருக்கு அது ஏறத்தாழ 1.4 லட்சம் கோடி செல்கள். முதல் முறை உலர் ஈஸ்ட்டை நூறு கிராம் அளவில் போட்டேன். அடுத்தடுத்த முறைகளுக்குக் கலனின் அடியிலிருந்து எடுத்ததே போதும். குளிர்வித்த மறுநாள் அடி வால்வை மெதுவாகத் திறந்தால் முதலில் ஹாப்ஸும் புரதமும் கலந்த பழுப்புக் கசடு வரும். அதை ஒதுக்கிவிட வேண்டும். பிறகு நிறம் வெளுத்து, தயிர்ப் பதத்தில், பழவாசனையோடு வருவதுதான் வேண்டிய ஈஸ்ட். அது மீண்டும் நீர்த்துப் பீராக மாறத் தொடங்கியதும் வால்வை மூடிவிட வேண்டும். சாதாரண நுண்ணோக்கியும் எண்ணும் கண்ணாடிச் சில்லும் இருந்தால் போதும்: மெத்திலீன் நீலத்தை ஒரு துளி கலந்து பார்த்தால் இறந்த செல்கள் நீலமாகத் தெரியும், உயிருள்ளவை நிறமற்று இருக்கும். இறந்தவை பத்தில் ஒன்றைத் தாண்டினால் அந்த ஈஸ்ட்டைக் கொட்டிவிடுகிறேன்.

ஆக்சிஜனும் இதோடு சேர்ந்ததே. வீட்டில் வாளியைக் குலுக்கினால் போதுமானதாக இருந்தது. காற்றை மட்டும் செலுத்தினால் லிட்டருக்கு எட்டு மில்லிகிராமைத் தாண்ட முடியாது. 160 லிட்டரைக் குலுக்கவும் முடியாது. பிளேட் சில்லரை விட்டு வோர்ட் வெளியேறும் குழாயில் நுண்துளை எவர்சில்வர்க் கல்லைப் பொருத்திச் சுத்த ஆக்சிஜனைச் செலுத்துகிறேன்.

நொதித்தல் முடிந்ததா என்பதை அடர்த்தி மட்டும் சொல்லாது. வெண்ணெய் வாடை தரும் டையசெட்டில் இன்னும் முன்பொருளாக மறைந்திருந்தால், குளிர்வித்துக் கெக்கில் (பீர் அடைக்கும் உலோகப் பீப்பாயில்) அடைத்த பிறகு கிளம்பும். இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் மாதிரி எடுத்து மூடி, ஒன்றை 65 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வைத்து, பிறகு இரண்டையும் ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவந்து முகர்ந்து பார்க்கிறேன். சூடாக்கிய குடுவையில் மட்டும் வெண்ணெய் வாடை வந்தால் ஈஸ்ட்டுக்கு இன்னும் ஓரிரு நாள் வெதுவெதுப்பில் வேலை இருக்கிறது. அட்டவணை எவ்வளவு நெருக்கினாலும் இந்தச் சோதனை தேறாமல் எந்தக் கலனையும் குளிர்விப்பதில்லை.

கழுவும் வேலை, காய்ச்சும் நாளில் பாதியை எடுத்துக்கொள்கிறது. சூடான 2 விழுக்காடு காஸ்டிக் சோடாக் கரைசல், நீர், அமிலம், மீண்டும் நீர், பயன்படுத்தும் முன் கிருமி நீக்கும் பெரசெட்டிக் அமிலம் என்பது வரிசை. காஸ்டிக்கைத்தான் நீரில் சேர்க்க வேண்டும். காஸ்டிக்கின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் முழங்கை வரையிலான கையுறையும் இல்லாமல் அந்த டப்பாவைத் தொடுவதில்லை. இதில் வீட்டுப் பழக்கத்தில் இல்லாத ஆபத்து ஒன்று உண்டு. இப்போதுதான் காலியான நொதிகலனுக்குள் கார்பன் டை ஆக்சைடு நிறைந்திருக்கும். மூடிய நிலையில் காஸ்டிக்கைத் தெளித்தால் அது அந்த வாயுவை விழுங்கிக் கார்பனேட்டாகிவிடும். உள்ளே வெற்றிடம் உண்டாகி, உள்ளழுத்தத்தைத் தாங்கும் கலன் வெளியழுத்தம் தாங்காமல் நசுங்கிவிடும். காஸ்டிக்கும் வீணாகும். ஆகவே மேல்மூடியைத் திறந்து, காற்றை ஊதி வாயுவை வெளியேற்றி, அதன் பிறகே தெளிப்புப் பந்தை ஓட்டுகிறேன். சூடாகக் கழுவிய கலனை மூடிவைத்துக் குளிர்ந்த நீர் விட்டாலும் இதே கதிதான். வெற்றிடம் தவிர்க்கும் வால்வு ஒன்று கலனுக்குக் கலன் இருக்க வேண்டும். வீட்டில் பயன்படுத்திய பந்து வால்வுகளைக் குளிர்ப் பக்கத்திலிருந்து முழுவதும் நீக்கிவிட்டேன். பந்துக்குப் பின்னாலிருக்கும் இடுக்கில் தேங்குவதை எந்தக் கரைசலும் எட்டாது. ட்ரை-கிளாம்ப் என்ற கவ்வி இணைப்புள்ள பட்டாம்பூச்சி வால்வைக் கையால் கழற்றிப் பார்த்துவிட முடியும்.

அந்த 13 கிலோ நொதிக்கும்போது ஆறு கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடும் வருகிறது. அறை வெப்பநிலையில் மூவாயிரம் லிட்டருக்கு மேற்பட்ட வாயு. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் தரையோடு தேங்கும். எட்டு மணி நேர வேலைக்குப் பல நாடுகள் வைத்திருக்கும் எல்லை 0.5 விழுக்காடு. கலன்களின் வெளியேற்றக் குழாய்களை வெளிச்சுவர் வரை கொண்டுபோய், முழங்கால் உயரத்தில் ஓர் அபாய ஒலிப்பான் பொருத்தினேன். கெக் வைக்கும் குளிரறைக்குத் தனியாக இன்னொன்று. காலியான கலனுக்குள் தலையை நுழைத்துப் பார்ப்பது இங்கே யாருக்கும் அனுமதி இல்லாத செயல்.

வீட்டில் பீரைப் புட்டியில் அடைத்துச் சர்க்கரை சேர்த்து மீண்டும் நொதிக்கவிடுவோம். அதில் உயிருள்ள ஈஸ்ட் இருப்பதால், நிரப்பும்போது புகுந்த ஆக்சிஜனில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். குளிர்வித்துத் தெளிந்த பீரைக் கெக்கில் அடைக்கும்போது அந்தப் பாதுகாப்பு கிடையாது. சில வாரங்களில் அட்டைப்பெட்டி வாடை வரும், ஹாப்ஸ் வாசனை மங்கும். கெக்கை விளிம்பு வரை கிருமிநீக்கி கலந்த நீரால் நிரப்பி, அந்த நீரைக் கார்பன் டை ஆக்சைடு கொண்டு வெளியே தள்ளினால் உள்ளே காற்றே மிஞ்சாது. பீரை 3 டிகிரியில், 0.8 பார் அழுத்தத்தில் வைத்து லிட்டருக்கு ஐந்து கிராம் வாயு கரையும்படி செய்து, கெக்கின் அடியிலிருந்து மெதுவாக நிரப்புகிறேன்.

உரிமம் பற்றி விரிவாக எழுதப்போவதில்லை. நாட்டுக்கு நாடு வேறுபடும். வீட்டில் காய்ச்ச அனுமதி இருக்கும் நாட்டிலும் அதை விற்க அனுமதி இருப்பதில்லை. பல இடங்களில் கட்டிடமும் கருவிகளும் இருந்தால்தான் விண்ணப்பத்தையே பார்ப்பார்கள் என்பதால், விற்காமல் வாடகை மட்டும் கட்டும் மாதங்களுக்குப் பணம் ஒதுக்கிவைக்க வேண்டும். வரி பெரும்பாலும் பீரின் அளவையோ வலிமையையோ பொறுத்தது. ஒவ்வொரு கலனையும் அறிந்த அளவு நீரால் நிரப்பி அளவுகோலில் கோடு போட்டுவைத்தது, பதிவேட்டை நிரப்புவதற்கு மிகவும் உதவுகிறது.

பிறகு வளர்ச்சி. கொதிகலனை ஒவ்வொரு நாளும் பயன்படுத்தலாம். நொதிகலனோ ஒரு ஏலுக்கு இரண்டு வாரம் அடைபட்டுவிடுகிறது. ஒரே ஒரு நொதிகலன் இருந்தால், கொதிகலன் எவ்வளவு பெரிதானாலும் அந்த ஆலை மாதம் இருமுறைதான் பீர் தரும். ஆகவே அடுத்து வாங்கியவை 320 லிட்டர் நொதிகலன்கள். கொதிகலன் அதே 160 லிட்டர்தான். ஒரே நாளில் இரண்டு முறை காய்ச்சி ஒரு கலனை நிரப்புகிறேன். முதல் வோர்ட் கொதிக்கும்போதே இரண்டாவது மேஷ் ஊறிக்கொண்டிருக்கும். முழு 320 லிட்டருக்கும் வேண்டிய ஈஸ்ட் முதல் வோர்ட்டோடு போய்விடும், இரண்டாவது ஆறு ஏழு மணி நேரத்தில் வந்து சேரும். நாள் நீள்கிறது, ஆனால் இரண்டு தனி நாட்களாகாது. கழுவுவது ஒரே கலன், டையசெட்டில் சோதனை ஒன்று, ஈஸ்ட் எடுப்பது ஒருமுறை. குளிர்நீர்த் தொட்டி மட்டும் இரண்டாவது வோர்ட்டுக்கு எட்டவில்லை. முதல் குளிர்விப்பு முடிந்தவுடன் சில்லரை முழு நேரமும் தொட்டிக்குத் திருப்பி, மற்ற நொதிகலன்களின் வால்வுகளை அந்த மணிகளுக்கு மூடிவைத்துச் சமாளிக்கிறேன். இதற்காக இன்னொரு பால் தொட்டியைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதை நிறுத்த இடம் வேண்டுமானால் மால்ட் மூட்டைகள் வேறு அறைக்குப் போக வேண்டும். அந்த அறையின் தரைக்குக் கீழ் வடிகால் இல்லாததால் அங்கே உலர்ந்த பொருள்களை மட்டுமே வைக்க முடியும் என்பது இந்த முறை வசதியாக அமைந்துவிட்டது.